பரிந்துரை எண் ஒன்பது

போட்டாதாங், யாங்கூன்.
செவ்வாய்க்கிழமை காலை, மின்சாரம் இருக்கும் நேரம்.

பெருமதிப்பிற்குரிய சுப்பிரமணியம் மாமா அவர்களுக்கு, தங்கை மகள் அர்ச்சனா வணங்கி எழுதிக்கொள்வது. இங்கு நானும் அம்மாவும் நலம். பட்டர்வொர்த்தில் தாங்களும் அத்தையும் பேத்தி பவானியும், தாங்கள் செயலாளராக இருந்து நடத்தும் எல்லை ரயில் பயணிகள் சங்கமும் நலமாக இருக்க வேண்டுகிறேன்.

சென்ற வெள்ளிக்கிழமை எல்லை ரயில் நிலையத்தில், கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் தாங்கள் கையில் மாலையோடு நின்றபோது நான் எதுவும் சொல்லவில்லை. உங்களுக்கு மூளை இருக்கிறதா என்று கேட்கவில்லை. அந்த மாலையை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்லவில்லை. உங்களுக்கு எழுபது வயது, சுற்றிலும் கூட்டம், அம்மா என் முழங்கையைப் பிடித்திருந்தார். அதனால் வாயை மூடிக்கொண்டு வந்துவிட்டேன். வந்து நாலு நாள்கூட ஆகவில்லை, உங்கள் சங்கத்திலிருந்து ஒரு படிவம் வருகிறது: 'விளையாட்டுப் போட்டிக்காக மேம்படுத்தப்பட்ட ரயில் சேவையைப் பற்றிப் பயணிகளின் மேலான கருத்து.' கூடவே உங்கள் குறிப்பு: 'நீ படித்த பெண், விரிவாக எழுது.' ஐந்துக்கு எத்தனை நட்சத்திரம் என்று கேட்டு, கருத்துக்கு மூன்று வரி விட்டிருக்கிறீர்கள். மூன்று வரி போதாது மாமா.

சேவை மேம்பட்டிருக்கிறது, அதை நான் மறுக்கவில்லை. இரண்டு வருடம் நீங்கள் மனு மேல் மனு போட்டதும், முப்பத்தொரு பக்க அறிக்கை தயாரித்ததும் எனக்குத் தெரியும், ஏனென்றால் அந்த அறிக்கையை முழுக்கப் படித்த இரண்டாவது ஆள் அநேகமாக நான்தான். எல்லையில் ஒரு மணி நேரம் நின்றுகொண்டிருந்த ரயிலைப் பன்னிரண்டு நிமிடத்தில் கிளப்ப வைத்தது நீங்கள். கழிப்பறையில் தண்ணீர் வரவைத்தது நீங்கள். பரிந்துரை எண் ஒன்பது, அதுவும் நீங்கள்தான்: போட்டிச் சமயத்தில் இடைத்தரகர்கள் சீட்டுகளை வாங்கி அதிக விலைக்கு விற்காமலிருக்க, டிக்கெட்டில் உள்ள பெயரும் பாஸ்போர்ட்டில் உள்ள பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். அதை ஏற்றுக்கொண்ட அன்று வைபரில் கூப்பிட்டு, 'இனி ஒரு பய ஏமாத்த முடியாதுலா!' என்று சிரித்தீர்கள்.

அப்புறம் அதே வாயால், பவானியின் ஆட்டத்தைப் பார்க்க வரச்சொல்லி எங்களுக்கு டிக்கெட் போட்டீர்கள். "மாமா, பாஸ்போர்ட் நகல் அனுப்பட்டுமா?" என்று நான் கேட்டேன். "என் தங்கச்சி பேரு எனக்குத் தெரியாதா? நீ சும்மா இரும்மா" என்றீர்கள். நான் மறுபடி வாயைத் திறப்பதற்குள் அம்மா என் தொடையைக் கிள்ளிவிட்டார்.

கிள்ளியதன் காரணத்தை இப்போது சொல்கிறேன். நீங்கள் பதினேழு வயதில் பெரிய தாத்தாவோடு பினாங்குக்குப் போனபோது அம்மாவுக்கு ஐந்து வயது. அடுத்த வருடம் பள்ளியில் சேர்த்தார்கள். வாத்தியாரம்மா பதிவேட்டில் 'தின் தின் லா' என்று பர்மியப் பெயராக எழுதினார். அன்றிலிருந்து வீட்டில் கமலாட்சி, வெளியே எல்லா இடத்திலும் தின் தின் லா. எனக்கும் அப்படித்தான், என் பாஸ்போர்ட்டில் நான் தீரி மோன். தாத்தாவுக்குக்கூட அடையாளச் சீட்டில் வேறு பெயர். இங்கே பாதித் தெருவுக்கு இப்படி இரண்டு பெயர், யாரும் இதைப் பெரிதாக நினைப்பதில்லை. ஆனால் 'அப்பா வெச்ச பேர மாத்திட்டோம்னு தெரிஞ்சா அண்ணன் மனசு விட்டுப் போயிடுவாரு' என்று ஐம்பத்திரண்டு வருடமாக அம்மா உங்களிடம் மறைத்து வந்தார். உங்களுக்குப் பயந்து மாமா. வேறு யாருக்கும் இல்லை.

சரி, கிளம்பினோம். பாங்காக் வரை விமானம், அங்கிருந்து ஹாட்யாய் வரை ஒரு ரயில், பிறகு உங்கள் சிறப்பு ரயில், உங்களுக்காக அம்மா மடியில் வைத்துக்கொண்டு வந்த இரண்டு கிலோ லபெட், அந்த ஊறிய தேயிலை வாசனைக்கு எதிர் சீட்டுக்காரர் இரண்டு தடவை இடம் மாறினார், அம்மா விடவில்லை, பின்னாடியே போய் அவருக்கும் ஒரு பிடி கொடுத்துட்டு வந்தாங்க, எங்கண்ணன் பேத்தி வலைப்பந்து ஆடறா, எங்கண்ணன்தான் இந்த ரயிலையே விட்டாருன்னு அந்தப் பெட்டி முழுக்கச் சொல்லி, தமிழே தெரியாத தாய்லாந்துக்காரங்ககிட்டகூடச் சொல்லி, எல்லை வந்ததும் முதல் ஆளா எழுந்து நின்னாங்க.

குடிநுழைவு அதிகாரி ஷம்சுதீன் தமிழ்க்காரர், நல்ல மனிதர். டிக்கெட்டையும் உங்கள் அழைப்புக் கடிதத்தையும் பாஸ்போர்ட்டுகளையும் மூன்று தடவை மாற்றி மாற்றிப் பார்த்தார்.

"கமலாட்சி யாரும்மா?"

"நாந்தான்."

"அப்ப தின் தின் லா?"

"அதுவும் நாந்தான்."

"கூட யாரும் வரலியே?" என்று எங்களுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

நான் விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, "சரி, வெளியே மாலையோட நிக்கறவர் வந்து, இது என் தங்கச்சிதான்னு ஒரு வார்த்தை சொல்லட்டும். விட்டுடறேன்" என்றார். ஒரு வார்த்தை மாமா. என்னைக் கைரேகை எடுக்கப் பக்கத்து அறைக்கு அனுப்பினார்கள். நான் திரும்பி வரும்போது நீங்கள் கண்ணாடி ஓட்டையில் வாயை வைத்துக் கத்திக்கொண்டிருந்தீர்கள்.

"எந் தங்கச்சி பேரு கமலாட்சி! தின் தின் லான்னு எனக்குத் தங்கச்சியே கிடையாது!"

ஷம்சுதீன் பேனாவை மூடினார். உங்கள் ரயில் பன்னிரண்டாவது நிமிடம் கிளம்பிப் போனது, ஒரு நொடி பிசகவில்லை, வாழ்த்துகள். எங்களை வந்த வழியே திருப்பி அனுப்பினார்கள். பவானியின் ஆட்டத்தை ஹாட்யாயில் ஒரு சாப்பாட்டுக் கடையில் என் போனில் பார்த்தோம். பாதியில் சிக்னல் போய்விட்டது. ஐம்பத்து மூன்று வருடம் கழித்து அம்மா தன் அண்ணனை நேரில் பார்த்தது ஒரு கண்ணாடி வழியாக, அந்த அண்ணன் இவள் என் தங்கை இல்லை என்று சொன்ன நேரத்தில். விதியை எழுதியவருக்கு அதை ஒரு நிமிடம் மறக்கத் தெரியவில்லை. நட்சத்திரம் ஒன்றுகூடக் கிடையாது. இதை உங்கள் சங்கக் கூட்டத்தில் உரக்க வாசியுங்கள்.

அத்தைக்கு என் வணக்கத்தையும் பவானிக்கு என் அன்பையும் சொல்லவும். தங்களுக்கும் தங்கள் குடும்பத்துக்கும் எல்லா நலமும் அம்மன் அருள வேண்டும். உங்களுக்குக் கொஞ்சம் தாமதமாக அருளினாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை.

இப்படிக்கு,
அர்ச்சனா (எ) தீரி மோன்

பி.கு. — ஞாயிறு. அம்மாவுக்குத் தமிழ் படிக்க வராது. புதன்கிழமை இதை வாசித்துக் காட்டினேன். கைரேகை அறை வந்ததும், "நிறுத்து" என்றார். நான் அந்த அறையில் இருந்தபோது ஷம்சுதீன், தவறான பெயரில் டிக்கெட் போட்டவர் யார், அவரையும் விசாரிக்க வேண்டியிருக்கும் என்று சொன்னாராம். அம்மா கண்ணாடி வழியாக உங்களைப் பார்த்துவிட்டு, "அவரு யாருன்னே எனக்குத் தெரியாதுங்க" என்றாராம். அதை ஷம்சுதீன் உங்களிடம் போய்ச் சொன்ன பிறகுதான் நீங்கள் கத்தியிருக்கிறீர்கள்.

"அண்ணனை மாட்டிவிடச் சொல்றியா?" என்றார் அம்மா. "ஏன் என்கிட்ட சொல்லல?" என்றேன். "நீ கோவமா இருந்த. அது எனக்கும் நல்லா இருந்துச்சு" என்றார்.

மறுநாள் தன் பெயரில், பாஸ்போர்ட்டில் உள்ள பெயரில், தானே விமான டிக்கெட் எடுத்தார். நேற்றுக் காலை புறப்பட்டார். மாலையில் உங்கள் வீட்டிலிருந்து போன் வந்தது, அம்மாதான் பேசினார். இந்தக் கடிதத்தை நான் அனுப்பவில்லை.