மூன்று மணிக்கு வந்து படுக்கிறவர்

மேலாண்மைக் கல்லூரிப் பெண்கள் விடுதியின் மூன்றாம் மாடியில் தங்கி, நாற்பத்தொன்றாம் வயதில் எம்.பி.ஏ. கடைசிப் பருவம் படித்துவரும் என் தர்மபத்தினிக்கு, உன் கணவனும் மெத்தைக்கடை உரிமையாளருமாகிய நான் மிகுந்த மரியாதையுடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும், உறை தைக்கும் தையல்காரம்மாவும், கடையிலுள்ள தலையணைகள் அனைத்தும் சௌக்கியம். அங்கே நீயும், உன்னை ‘ஆன்ட்டி’ என்று கூப்பிட்டுக்கொண்டே உன் நோட்டைப் பார்த்து எழுதும் அந்த இருபத்திரண்டு வயதுப் பிள்ளைகளும் சௌக்கியமாக இருக்க வேண்டுகிறேன்.

உன் கடிதம் வந்தது. பெரிய நிறுவனம் ஒன்று உன்னை மார்க்கெட்டிங் மேலாளராக எடுத்திருக்கிறது, அடுத்த மாதமே சேர வேண்டும், ஊர் இங்கிருந்து பதினான்கு மணி நேர ரயில், வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும் என்றெல்லாம் எழுதிவிட்டு, கடைசியில் ‘நீங்க என்ன சொல்றீங்க?’ என்று ஒரே ஒரு வரி கேட்டிருக்கிறாய். போனில் கேட்டால் ‘ம்’ என்று மட்டும் சொல்வீர்கள், அதனால் எழுத்தில்தான் வேண்டும் என்று வேறு உத்தரவு. ம். எழுதுகிறேன். அதற்கு முன் உன் கல்லூரிக்கு நான் தர வேண்டிய கள அறிக்கை பாக்கி நிற்கிறது. வாரம் ஒரு பாடம் எழுதி அனுப்புவேன், கடையில் செய்து பார்த்து நடந்ததை மறைக்காமல் எழுதுங்கள் என்றாய். செய்தேன். நடந்தது கீழே.

முதல் பாடம், ‘மக்கள் மெத்தையை வாங்குவதில்லை, தூக்கத்தை வாங்குகிறார்கள், பொருளை விற்காதே, பலனை வில்’ என்பது. படித்ததும் எனக்கே சிலிர்த்துப்போய், பழைய பலகையைக் கழற்றிவிட்டு ‘இங்கே நல்ல தூக்கம் கிடைக்கும்’ என்று சிவப்பு எழுத்தில் மாட்டினேன். அன்று மட்டும் ஒன்பது பேர் வந்தார்கள். ஏழு பேர் குரலைத் தாழ்த்தி மாத்திரை கேட்டார்கள், ஒருவர் பெட்டி படுக்கையோடு வந்து அறை வாடகை எவ்வளவு என்றார், ஒன்பதாவதாக வந்தவர் எதிர் வரிசை மருந்துக்கடைக்காரர். “ஏன் சார், எதிரெதிர இருந்துக்கிட்டு என் பொழப்புல மண்ணப் போடலாமா?” என்று கேட்டார். நியாயமாகத்தான் பட்டது. சாயங்காலமே பலகையை இறக்கிவிட்டேன்.

இரண்டாம் பாடம், வாடிக்கையாளரைக் கேள்வி கேட்டு வகை பிரிப்பது. ஒரு அம்மா வந்தார். ‘ஒருவர் படுக்கையா, இருவர் படுக்கையா’ என்று தெரிந்துகொள்ளலாமே என்று, நீ எழுதியபடி நேரடியாகவும் நட்பாகவும், “தனியாத்தான் படுப்பீங்களா?” என்று கேட்டுவிட்டேன். அவர் வீட்டுக்காரர் வண்டியை நிறுத்திவிட்டு அப்போதுதான் உள்ளே வருகிறார். கேட்டது எம்.பி.ஏ. பாடம் என்று சொன்னால் யார் நம்புவார்கள்? கடைசியில் உன் கடிதத்தையே எடுத்துக் காட்ட வேண்டியதாயிற்று. அந்த மனிதர் கண்ணாடி போட்டுக்கொண்டு நான்கு பக்கமும் வாசித்துவிட்டு, “உங்க சம்சாரம் ரொம்பத் தெளிவா எழுதுறாங்க. நீங்கதான் கெடுக்குறீங்க” என்று சொல்லி இரண்டு தலையணை வாங்கிப் போனார். விற்றது உன் கையெழுத்து, நான் இல்லை.

மூன்றாவது பொசிஷனிங். ‘பொசிஷனிங்தான் எல்லாம், மற்ற கடைக்காரர்கள் யோசிக்காத பொசிஷனைப் பிடியுங்கள்’ என்று அடிக்கோடு போட்டு எழுதியிருந்தாய். மெத்தைக்கடைக்காரனுக்குப் பொசிஷன் என்றால் என்ன தோன்றும்? வருகிறவர்களிடமெல்லாம் “எந்தப் பொசிஷன்ல தூங்குவீங்க, கொஞ்சம் படுத்துக் காட்டுங்க” என்றேன். மல்லாந்து ஒருத்தர், குப்புற ஒருத்தர், ஒருக்களிச்சு சுருண்டு ஒருத்தர். படுத்த உடனே ஆளே மாறிடுறாங்க. நின்னுக்கிட்டு இருந்தப்போ விலையைப் பத்தி முறைச்சவர், படுத்ததும் இடுப்பு வலியைப் பத்திச் சொல்றார், மகன் பேசாம இருக்கிறதைச் சொல்றார். அந்த மாசம் பதினோரு மெத்தை போச்சு. பொசிஷனிங்னா வாங்குறவங்க மனசுல நம்ம கடை பிடிக்கிற இடம், படுக்கிற விதம் இல்லைன்னு நீ தலையில அடிச்சுக்கிட்டு எழுதின கடிதம் வர்றதுக்குள்ள பன்னிரண்டாவதும் போயிருச்சு. தப்பாப் புரிஞ்சுக்கிட்டாலும் வேலை செய்யிற பாடம் இது ஒண்ணுதான்னு உன் புரொஃபசர் கிட்டச் சொல்லு.

போன வாரம் ஒரு பஸ் டிரைவர், வீட்டு மெத்தையை ஆட்டோ மேல கட்டிக்கிட்டு வந்தார். அவர் சம்சாரம் மகள் வீட்டுக்குப் பேரப்பிள்ளையைப் பார்த்துக்கப் போயிருக்காங்களாம், எப்ப வருவாங்கன்னு தெரியாதாம். “டபுளைச் சிங்கிளா வெட்டிக் கொடுங்க, ரூம்ல பாதி இடம் சும்மா கிடக்கு” என்றார். வர்ற வேலையைத் திருப்பி அனுப்பாதேன்னு நீதான் எழுதியிருக்கே. கத்தியை எடுத்தேன். எடுத்துட்டு, “வெட்டப் பத்து நிமிஷம் போதும். அவங்க திரும்பி வந்தா எங்க படுப்பாங்க?”ன்னு கேட்டுட்டேன். மனுஷன் மெத்தையைச் சுத்திக் கயிற்றைத் திரும்பக் கட்டினார். அப்புறம் அப்படியே திருப்பி ஏத்திக்கிட்டுப் போயிட்டார். பதினாறு வருஷம் இந்தக் கடையில வித்துட்டு, ‘நான் செய்யிறதுக்கெல்லாம் பேர் என்னன்னு தெரிஞ்சுக்கணும்’னு சொல்லித்தானே படிக்கப் போனே. இதுக்கு உங்க புத்தகத்துல என்ன பேர்?

உண்மையைச் சொன்னா உன் புத்தகத்துல நீ செஞ்சது எதுவும் இல்லை. யார் வந்தாலும் நீ மெத்தை மேல கையை வெச்சு, “உக்காருங்க, நின்னுக்கிட்டே மெத்தை வாங்கக் கூடாது”ன்னு சொல்வே. அவ்வளவுதான், முடிஞ்சது வியாபாரம். நானும் அதே மாதிரி கையை வெச்சு அதே மாதிரி சொல்லிப் பார்த்தேன். உக்காந்திருந்தவங்களும் எழுந்து போயிட்டாங்க. தையல்காரம்மா மிஷினை நிறுத்திட்டு, “அண்ணே, அது அண்ணி வாயில இருந்து வந்தாத்தான் வார்த்தை. உங்க வாயில இருந்து வந்தா மிரட்டல்”னுச்சு.

இப்ப என் தலைவலிக்கு வர்றேன். ‘தொட்டுப் பார்க்க விடு, அனுபவிக்க விடு’ன்னு நீ எழுதினதை நம்பி, கடையோட பின்பக்கம் ஒரு டபுள் ஸ்பிரிங் மெத்தையை மாதிரிக்குப் போட்டேன். ஒரு ஆசாமி தினம் மூணு மணிக்கு, கடை ஓய்ஞ்சிருக்கிற நேரமாப் பார்த்து வந்து படுத்துடுறார். செருப்பை ஒழுங்கா சோடியாக் கழட்டி வெப்பார், இடது ஓரமாப் படுப்பார், வலது பக்கம் ஒரு சாண்கூட நகரமாட்டார், நாலரைக்கு எழுந்திருப்பார். ரெண்டு மாசமா இதே கதை. வாங்குறதும் இல்லை, வாங்க மாட்டேன்னும் சொல்றதில்லை. ‘ஏன் என்று ஐந்து முறை கேள், உண்மை வெளியே வரும்’னு நீ எழுதின பாடத்தைப் போட்டுப் பார்த்தேன். ஏன் இங்க வந்து தூங்குறீங்க? வீட்டுல தூக்கம் வரல. ஏன் வரல? மெத்தை பெருசா இருக்கு. ஏன் பெருசா இருக்கு? முன்னாடி சரியாத்தான் இருந்துச்சு. நாலாவது ஏனுக்கு அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டார். இந்த மாதிரி வாடிக்கையாளருக்கு எந்த மெத்தையை விக்கிறதுன்னு வகுப்புல கேட்டு எழுது. தையல்காரம்மாவுக்கும் பொறுக்கலை. “மெத்தையில ஒரு கோளாறும் இல்லண்ணே”ன்னு மட்டும் சொல்லிட்டு நூலைக் கடிச்சுக்குது.

அறிக்கை முற்றிற்று. இனி நீ கேட்ட ஒரு வரிக்குப் பதில். வேலையை ஏற்றுக்கொள். யோசிக்காதே. இந்தத் தெரு முழுக்க உன்னைப் பற்றிச் சொல்லிச் சொல்லி மருந்துக்கடைக்காரரே என்னைக் கண்டால் ஷட்டரைப் பாதி இறக்குகிறார். நான் அங்கே குடிவருவது நடக்காத காரியம். கடையை யார் பார்ப்பது? தனியாக இருப்பதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. வேளாவேளைக்குச் சாப்பிடுகிறேன், படுத்தால் விடிகிறவரை அசைவதில்லை. வீடு நல்லபடியாக இருக்கிறது. குடிவந்த அன்று ஸ்பிரிங் மெத்தை மடியாமல், வாசலில் நுழையாமல், நிலைக்கதவையே கழற்றினோமே, ‘மெத்தைக்கடை வெச்சிருக்கிற மனுஷனுக்கு வாசலை அளக்கத் தெரியல’ என்று தெருவே கேட்கும்படி சிரித்தாயே, அந்தக் கதவு மட்டும் இன்னும் கிறீச்சிடுகிறது. எண்ணெய் போடவில்லை. நீதான் வந்து திறக்கிறாய் என்று சில சமயம் தோன்றும். மற்றபடி ஒன்றுமில்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரயிலேறி உன்னை வந்து பார்த்துக்கொள்கிறேன், அது போதும்.

எல்லா நலமும் பெற்று, பெரிய நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, கழுத்துவலி இல்லாமல் நீடூழி வாழ்க என்று ஆசீர்வதிக்கும்,

உன் கணவன், மெத்தைக்கடை.

பி.கு: மேலே கடைசிப் பத்தியில எழுதினது பூரா மார்க்கெட்டிங், வேலையை ஏத்துக்கோன்னதைத் தவிர. அந்த மூணு மணி ஆசாமி நான்தான், வகுப்புல கேக்க வேண்டாம், மானம் போயிரும். தையல்காரம்மா கடையைத் தான் பார்த்துக்கிறேன்னு ரெண்டு மாசமாச் சொல்லிக்கிட்டு இருக்கு. அந்த ஊர்லயும் மனுஷங்க படுத்துத்தானே தூங்குறாங்க, நான் ஏதாவது பண்ணிக்கிறேன். வீடு பார்க்கப் போகும்போது டேப் எடுத்துக்கிட்டுப் போய் வாசலை மட்டும் அளந்துரு. நம்ம மெத்தை ஆறடி அகலம், மடியாது.