பட்டாளத்து லாரியும் தாயம்மாவின் சம்மதமும்

இந்த முறை தாயம்மா என்ன சொன்னாலும் மசிவதில்லை என்று வேம்புலி முடிவு செய்துவிட்டார். லாரியை விற்றே தீருவது. அழுதாலும் விற்பது. சமைக்காமல் படுத்துக்கொண்டாலும் விற்பது. அம்மா வீட்டுக்குப் போகிறேன் என்று பையைத் தூக்கினால், அந்தப் பையைத் தானே சுமந்து ஆவடியில் பஸ் ஏற்றிவிட்டு, திரும்பி வந்து விற்பது.

லாரி என்றால் சாதாரண லாரி இல்லை. பட்டாளத்தில் ஓடி ஓய்ந்த டீசல் வண்டி. நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கும். பச்சைப் பெயின்ட், நெஞ்சு உயரத்துக்கு டயர், மூஞ்சியில் மற்ற வண்டிகளைக் கட்டி இழுக்க இரும்புக் கயிறு சுற்றிய வின்ச். வேம்புலி ஃபிட்டராக இருந்த அம்பத்தூர் கம்பெனியை மூடியபோது கைக்கு வந்த பணத்தில் ஏலம் எடுத்தது. சினிமா ஷூட்டிங்குக்கு வாடகைக்கு விடலாம் என்று யோசனை. சினிமாக்காரர்கள் வெள்ளானூர் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை. வண்டி வீட்டுக்கு எதிரே காலி மனையில் இரண்டு வருடமாக நிற்கிறது. அதன் அடியில் ஒரு நாய் குட்டி போட்டு, அந்தக் குட்டியும் வளர்ந்து குட்டி போட்டுவிட்டது.

"கொஞ்சம் ரிப்பேர் பாருய்யா, ஓட்டி நாலு காசு பாக்கலாம்" என்று தாயம்மா சொல்லிச் சொல்லி அலுத்துப்போனாள். ஸ்பானரைப் பிடித்தால் வேம்புலி அருமையான வேலைக்காரர். பிடிக்கமாட்டார் என்பதுதான் சிக்கல்.

அவருடைய கனவு வேறு. கரையான்சாவடி மெயின் ரோட்டில் நண்பர் சம்பந்தம் ஜூஸ் கடை போடப்போகிறார். லாரியை விற்ற பணத்தைப் போட்டால் வேம்புலியும் கூட்டாளி. என்ன வேலை? கல்லாவில் உட்காரும் வேலை. தலைக்கு மேலே ஃபேன் ஓடும். அந்த ஃபேனை நினைத்தாலே அவருக்குக் கண் சொருகியது.

மீன் ஆய்ந்துகொண்டிருந்த தாயம்மாவின் எதிரில் போய் நின்று தொண்டையைச் செருமினார்.

"தாயி, ஒரு முடிவு பண்ணிகீறேன்."

"சொல்லு."

"லாரிய விக்கப் போறேன்."

"சரி."

அடுத்துச் சொல்ல வைத்திருந்த நியாயங்கள் எல்லாம் வீணாய்ப் போயின.

"இன்னா சரி?"

"வித்துடுன்றேன். சீக்கிரமா வித்துடு. நவுரு, மேல செதில் தெறிக்கப்போவுது."

வேம்புலி நகர்ந்தார். மனசு நகரவில்லை. கல்யாணமான நாள் முதல் தாயம்மா எதற்கும் முதல் தடவையிலேயே சரி சொன்னதில்லை. மழை வருகிறது என்றால்கூட "யார் சொன்னா?" என்பாள். இப்போது சுளையாக ஒரு சரி! இதில் ஏதோ இருக்கிறது.

சாயங்காலம் பார்த்தால் தாயம்மா லாரிக்குப் பக்கத்தில் நிற்கிறாள். புடவைத் தலைப்பால் பானட்டைத் துடைத்துக்கொண்டே போனில் பேசுகிறாள்.

"சொல்லிட்டேன். நீ கவலப்படாத. மழைக்குள்ள முடிஞ்சிரும்." அவரைப் பார்த்ததும் போனை வைத்துவிட்டாள்.

"யாரு?"

"ராங் நம்பரு."

"ராங் நம்பராண்ட இம்மா நேரம் பேசுவியா?"

"பாவம், நல்ல மாதிரியா பேசுச்சு."

சம்பந்தத்திடம் போனில் சொன்னால், "அவங்களே ஒத்துகினாங்களா? அப்ப சட்டுனு வித்துடு மாமே" என்றார். இவன் எதற்கு இவ்வளவு அவசரப்படுகிறான் என்று அவர் மேலேயும் வேம்புலிக்குச் சந்தேகம் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை பூந்தமல்லியிலிருந்து ஜுல்ஃபிகர் வந்தார். பழைய வண்டிகளை வாங்கி விற்பவர். டயரை உதைத்தார், அடியில் படுத்துப் பார்த்தார், தொழில் முறைப்படி உதட்டைப் பிதுக்கினார். தாயம்மா இஞ்சி டீயோடு வந்துவிட்டாள். கூடவே பிஸ்கட். சொந்தத் தம்பி வந்தாலே வெறும் டீ கொடுப்பவள்!

"பாய், வெலய நீங்களே பாத்துப் போட்டுக்கங்க. ஒண்ணே ஒண்ணு. இங்க வச்சு எதையும் கழட்டிப் பாக்காதீங்க. அப்டியே கட்டி இழுத்துகினு போயிடுங்க."

ஜுல்ஃபிகரின் டீ கிளாஸ் பாதியில் நின்றது. "ஏம்மா, உள்ள எதுனா கீதா?"

"இரும்பு வண்டி உள்ள இரும்புதான் கீது பாய்" என்று தாயம்மா சிரித்தாள்.

அந்தச் சிரிப்பை வேம்புலி நம்பவில்லை. பட்டாளத்து வண்டி. எங்கெங்கோ எல்லையில் ஓடியிருக்கும். யார் எதை எங்கே ஒளித்து வைத்தார்களோ! தாயம்மாவுக்குத் தெரிந்திருக்கிறது. அந்த ராங் நம்பருக்கும் தெரிந்திருக்கிறது. பாய் வாங்கிப் போவார், பின்னாலேயே இவர்களுக்குப் பங்கு வந்துவிடும். ஜூஸ் கடையும் ஃபேனும் அவர் நெஞ்சை விட்டு இறங்கி எங்கேயோ போய்விட்டன.

"பாய், இன்னிக்கு நாள் சரியில்ல" என்று ஜுல்ஃபிகரை அனுப்பி வைத்தார்.

மறுநாள் தாயம்மா மார்க்கெட்டுக்குக் கிளம்பியதும் டூல் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு வண்டியில் ஏறினார். முதலில் சீட்டைப் பிரித்தார். உள்ளே தேங்காய் நாரும் ஓர் எலிக் குடும்பமும் இருந்தன. எலிகளைக் கிளப்பிவிட்டு, திறந்த அடையாளம் தெரியக்கூடாதே என்று புது நார் வைத்துத் தைத்தார். ஏர் ஃபில்டரைத் திறந்தார். ஒரு படி மண். ஃபிட்டர் கை அழுக்கோடு எதையும் மூடாது. துடைத்து, கிரீஸ் வைத்து, நட்டை முறுக்கித்தான் மூடும். அம்பத்தூரில் விரலில் ஏறிய பழக்கம் கம்பெனியை மூடினாலும் போகவில்லை.

டீசல் டாங்கை வடித்தார். அடியில் துரு. கழுவி மாட்டி, புது டீசல் ஊற்றினார். கியர் பாக்ஸ் எண்ணெயை வடித்து விரலால் துழாவினார். ஒன்றுமில்லை. வெறுமையாக மூட மனசு வராமல் புது எண்ணெய் ஊற்றினார். பிரேக் டிரம்முக்குள் பார்த்தார். கேபினில் செத்துக்கிடந்த சின்ன ஃபேனுக்குள்ளும் பார்த்தார். அறுந்திருந்த ஒயரை ஒட்டவைத்து மூடினார்.

"கையில இன்னாய்யா கிரீஸு?" என்றாள் தாயம்மா, சோறு போடும்போது.

"சும்மா... சைக்கிளு செயின்."

"எதுனா செய். வின்ச்சாண்ட மட்டும் போகாத. ஆமா, சொல்லிட்டேன்."

விடிந்ததும் வேம்புலி வின்ச்சாண்டதான் இருந்தார்.

இதற்கிடையில் ஜுல்ஃபிகர் போன் செய்து விலையை ஏற்றினார். ஏற்ற ஏற்ற வேம்புலிக்குச் சந்தேகம் கெட்டியானது. "விக்கறதா இல்ல பாய்! எவ்ளோ குடுத்தாலும் இல்ல!" சம்பந்தமும் பொறுத்துப் பார்த்துவிட்டு வேறு கூட்டாளியைச் சேர்த்துக்கொண்டார். போகட்டும். பெரிய விஷயம் கைக்கு எட்டும் நேரத்தில் எலுமிச்சம்பழம் பிழிவதா?

கடைசியாக மிஞ்சியது இன்ஜின். உள்ளே ஏதாவது கடகடவென்று உருள்கிறதா என்று கேட்க, கடன் வாங்கிய பேட்டரியை மாட்டிச் சாவியைத் திருப்பினார். ஒரே செல்ஃபில் ஸ்டார்ட். வண்டி புலி மாதிரி உறுமியது. வேறு எந்தச் சத்தமும் இல்லை. வேம்புலி ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்துக்கொண்டார். ஒன்றுமே இல்லை. அழுகை அழுகையாக வந்தது.

அந்த வாரமே மழை பிடித்துக்கொண்டது. ஒரு காலையில் தெருவில் முழங்கால் தண்ணீர். அதில் பேன்ட்டைச் சுருட்டிக்கொண்டு ஒரு ஆள் நடந்து வந்தார். விறைப்பான முதுகு, ஒட்ட வெட்டிய முடி.

"வா பால்ராஜ் தம்பி, வண்டி ரெடி" என்றாள் தாயம்மா.

"யாரு தாயி இது?"

"ராங் நம்பரு."

பால்ராஜ் பட்டாளத்தில் இதே மாதிரி வண்டி ஓட்டியவர். இப்போது புது அப்பார்ட்மென்டில் செக்யூரிட்டி. ஒவ்வொரு மழைக்கும் தீவாகிவிடும் அந்த அப்பார்ட்மென்டுக்குப் பால், தண்ணீர் கேன் கொண்டுபோய்க் கொடுக்கவும், நின்றுபோன கார்களை வின்ச் போட்டு இழுக்கவும் தாயம்மா ஆடி மாதமே அவர் மூலமாகப் பேசி முடித்திருந்தாள். வண்டி ஓடாது என்பது ஒன்றுதான் குறையாக இருந்தது.

"அப்ப உள்ள ஒண்ணுமே இல்லியா?" வேம்புலி லாரியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார்.

"ஏன் இல்ல? இப்ப எல்லாமே புதுசா கீது. ரெண்டு வருசமா ரிப்பேர் பாருன்னேன், ஸ்பானரத் தொட்டியா? தொடாதன்னேன், தொட்ட!"

"விக்கச் சொன்னியே! நெஜமாவே வித்திருந்தா?"

"நான் சொல்லி எத்தய்யா நீ செஞ்சிகீற?"

பால்ராஜ் ஸ்டியரிங்கில் உட்கார்ந்தார். தாயம்மா பக்கத்தில் ஏறி, வேம்புலி தைத்த சீட்டில் சாய்ந்து, மடியில் காசுப் பையை வைத்துக்கொண்டு, தலைக்கு மேலே ஃபேனைத் தட்டிவிட்டாள். அது ஜம்மென்று ஓடியது.

கொட்டும் மழையில் நின்றபடி வேம்புலி கேட்டார். "நான் எங்கமே உக்கார்றது?"

"கிளீனரு என்னிக்குய்யா உக்காந்தான்? பின்னால தொத்திகினு, ரைட்டு குடு."

வேம்புலி தொத்திக்கொண்டு, லாரியின் தகரத்தில் இரண்டு தட்டு தட்டினார். "ரைட்... போலாம்!"