ஆறு புள்ளி நாலு, ஆமென்

சும்மா இருந்தாலே நல்லவன் என்று பெயர் வாங்கக்கூடிய இடங்களில் எல்லாம் நான் வாய் திறந்திருக்கிறேன். அவற்றில் தலையாயது, நெய்யூரில் பெண் பார்க்கப் போன வீட்டில், ஜெபத்தின் நடுவே திறந்தது.

அப்போது நான் இரணியல் பக்கம் ஒரு பள்ளியில் இயற்பியல் ஆசிரியர். (தவறு எங்கே கண்டாலும் சிவப்பு மை தேடும் வியாதி அந்த வேலையோடு வந்தது.) ஐந்தாறு இடம் தட்டிப்போய் அம்மா சோர்ந்திருந்தாள். மாமா, அதாவது அம்மாவின் தம்பி, கொண்டுவந்த இந்தச் சம்பந்தம் எல்லா வகையிலும் பொருந்தியது. பெண் பியூலா, கல்லூரியில் நிலவியல் பாடம் எடுப்பவள். ஃபோட்டோ பார்த்த அன்றே எனக்கும் பிடித்துவிட்டது. புறப்படும்போது அம்மா ஒன்றுதான் கேட்டாள்: "மக்கா, இன்னைக்கு ஒரு நாள் யாருக்கும் பாடம் எடுக்காத."

அன்று காலையில் வெகு தொலைவில், கடலுக்கடியில் நிலநடுக்கம். இங்கே ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் சுனாமியைப் பார்த்த கரை இது. முட்டத்தில் ஆட்கள் மேட்டுக்கு ஏறி நின்றுவிட்டு, பயமில்லை என்று தெரிந்த பிறகே இறங்கினார்கள். எங்கள் வழக்கப்படி, சம்பந்தப் பேச்சைத் தொடங்குமுன் பெண்ணின் அப்பா எழுந்து ஜெபித்தார். எல்லோரும் கண்ணை மூடினோம்.

"ஆறு புள்ளி ஒண்ணு அளவுல பூமி அதிர்ந்தும் எங்க கரையக் காத்த ஆண்டவரே..."

"ஆறு புள்ளி நாலு," என்றேன் நான்.

(சத்தியமாக நான் சொல்ல நினைக்கவில்லை. வாய் தானாகச் சொல்லிவிட்டது.)

"ஆறு புள்ளி ஒண்ணு அளவுல," என்று அவர் ஆண்டவரிடம் இன்னும் கொஞ்சம் உரக்கச் சொன்னார்.

"நாலு."

அம்மா என் தொடையில் கிள்ளியது ஒரு வாரம் கன்றிக் கிடந்தது.

ஆமென் சொன்னதும் அவர் என் பக்கம் திரும்பினார். "தம்பி, ஜெபத்துக்கு நடுவுலயா திருத்துவீரு? நான் டிவியில பாத்துட்டுதான் சொல்லுதேன்."

"டிவி தப்பு சார். எனக்க ஃபோன்ல நாலுன்னு போட்டிருக்கு. ஒரே அதிர்ச்சிக்கு எப்படி ரெண்டு அளவு இருக்கும்? ஒண்ணு பொய்."

முந்திரிக்கொத்துத் தட்டோடு வந்த பியூலா அப்படியே நின்றாள். "ரெண்டும் பொய் இல்ல. ஒவ்வொரு நிறுவனத்துக்கும் கருவி இருக்க எடம் வேற. அளக்கதுக்கு எடுக்குற அதிர்வலையும், கணக்கு போடுத முறையும் வேற. அலை வாற வழியில உள்ள பாறையும் ஒண்ணுபோல இருக்காது. மொதல்ல சொல்லுதது அவசரக் கணக்கு. நிறைய எடத்துல இருந்து பதிவு வந்தப்பொறவு அவங்களே திருத்துவாங்க."

அழகாகச் சொன்னாள். அங்கேயே தலையாட்டியிருந்தால் பிழைத்திருப்பேன். "அப்போ பரீட்சையில ஆளுக்கொரு விடை எழுதினா எல்லாருக்கும் மார்க் போடுவீங்களா?" என்று கேட்டேன். (என்ன கெட்டிக்காரத்தனம்!) ஆதாரம் காட்ட ஃபோனை எடுத்தேன். திரையில் நாலைக் காணவில்லை. 6.2 என்று இருந்தது. திருத்திவிட்டார்கள், பாவிகள்!

"காட்டுங்க பாப்போம்," என்றாள்.

"சார்ஜ் இல்ல," என்று பையில் போட்டேன். போட்ட மறுகணமே அது கணீரென்று அடித்தது. சக ஆசிரியர் ஒருவர், பெண் எப்படி என்று விசாரிக்க.

இரண்டு நாள் கழித்து மாமா பதிலோடு வந்தார்.

"ஜெபத்துல வாய் விட்டதுக்கு அந்த மனுசன் கோவிச்சிருப்பாரு," என்று அம்மா கண்ணைத் துடைத்தாள்.

"இல்லக்கா, அவரு அத நெனச்சு நெனச்சு சிரிக்காரு. பிள்ளதான் வேண்டாம்னுட்டா. கணக்கு தப்பினா திருத்திக்கிடலாம், திருத்தினத பையில ஒளிச்சு வைக்குற ஆளுகூட எப்படி இருக்கதுன்னு கேட்டாளாம்."

எனக்குச் சுருக்கென்றது. இப்போது நினைத்தாலும் லேசாகச் சுருக்கென்கிறது.

பிறகு தக்கலையில் பெண் அமைந்தது. வந்த வாரமே அம்மா அவளுக்கு முழுக் கதையையும் சொல்லிக் கொடுத்துவிட்டாள். இன்றைக்கும் குடும்ப ஜெபத்தில் ஏதாவது எண் வந்தால் என் மனைவி நிறுத்துவாள். "ஆண்டவரே, ஒரு நிமிசம். திருத்தம் உண்டும்னா இவரு இப்பமே சொல்லட்டும்." பிள்ளைகள் ஒற்றைக் கண்ணைத் திறந்து என்னைப் பார்ப்பார்கள். நான் கண்ணை இறுக மூடிக்கொண்டு, மற்றவர்களுக்கு முன்பே ஆமென் சொல்லிவிடுவேன்.