சாம்பிராணி அக்காவும் மேல்மாடிக்காரியும்

பேய்க்குப் பயப்படாத வார்டன்கள் திருப்பதியில் எத்தனையோ பேர் இருக்கலாம். பேயையே காவல் வேலைக்கு வைத்திருந்த வார்டன் எங்கள் சாம்பிராணி அக்கா ஒருவர்தான்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த எங்கள் பெண்கள் ஹாஸ்டலில், பொழுது சாய்ந்தால் அக்கா தூபக்காலோடு கிளம்பிவிடுவார். முதலில் புகை வரும், பிறகு இருமல் வரும், அதற்குப் பிறகுதான் ஆள் வருவார். புதிதாக வந்த பெண்கள் அவரையே பேய் என்று நினைத்து அலறியதுண்டு.

உண்மையான பேய் மேல்மாடிக் கோடி அறையில் இருந்தது. அறை எப்போதும் பூட்டியே கிடக்கும், உள்ளே வளையல் குலுங்கும். காதால் கேட்டவள் சொல்கிறேன், எலிக்கு வளையல் போடும் வழக்கம் அந்த ஊரில் இல்லை. அக்கா அதை 'மேல இருக்கறவ' என்பார். ஆண்கள் மாடி ஏறினால் அவளுக்கு ஆகாது. ஃபேன் மாட்ட வந்த எலக்ட்ரீஷியன் ஜுரத்தோடு இறங்கிப் போனவர், ஏணியை எடுத்துப் போகக்கூட வரவில்லை. ஓனரே படிக்கட்டின் அடியில் நின்று கத்தித்தான் பேசுவார்.

அங்கேதான் நான் பெட்டியோடு போய் நின்றேன். நான் திருநங்கை. நகரியிலிருந்து வந்து ஓர் ஆடிட்டர் ஆபீசில் சேர்ந்திருந்தேன். ஏறி இறங்கிய ஹாஸ்டல் எல்லாம் கதவைச் சாத்திவிட்டன. இங்கும் இடமில்லையென்றால் வேலையை விட வேண்டியதுதான்.

அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“மனசுல இருக்கறத சொல்லிடறேன்மா. நீ பொம்பளைன்னு எனக்கு ஒப்பல. வாசல்ல வந்து நிக்கறவள தொரத்தவும் ஒப்பல. காலி கட்டில் மேல, அந்த பூட்டின ரூமுக்கு பக்கத்துலதான் இருக்குது. மேல இருக்கறவ ஒத்துக்கினா இரு. ஜுரம் வந்தா கெளம்பிடணும், சரேனா?”

பேயிடம் இன்டர்வியூ! முழுக்க நனைந்தவளுக்கு முக்காடு எதற்கு என்று தலையாட்டினேன்.

அன்றிலிருந்து எங்களுக்குள் தினமும் வாதம்தான்.

“கங்கம்மா ஜாத்திரைக்கு ஊரு ஆம்பளைங்களோட எங்க வூட்டுக்காரரும் வேண்டிக்கினு பொடவை கட்னாரு. மறுநாளே லுங்கிக்கு வந்துட்டாரே?”

“அவரு பொடவை கட்னது வேஷம்க்கா. நான் இத்தினி வருசமா பேண்ட் போட்டுக்கினு திரிஞ்சனே, அதான் என்னோட வேஷம்.”

அக்கா கொஞ்ச நேரம் தணலை ஊதினார்.

“நல்லாதான் பேசற. ஆனா மாசாமாசம் வயித்த புடிச்சிக்கினு சுருண்டு கெடந்தவ நானு. புள்ளைங்கள பெத்தவ. பொம்பளைன்றது ஒடம்போட வர்றது. நீ பட்டது கஷ்டம் இல்லன்னு சொல்லல. அது வேற கஷ்டம்.”

“வேறதான்க்கா. அதுக்காக நான் பொம்பளை இல்லன்னு ஆயிடுமா?”

“ஆலோசன பண்ணி சொல்றேன்.”

ஆலோசித்துவிட்டு மறுநாளும் அதே இடத்தில்தான் நிற்பார். நானும் நகர்ந்தபாடில்லை. ஆனால் ஒரு நாள்கூட அவர் என்னை 'அவன்' என்று சொன்னதில்லை. வேறு யாராவது சொன்னால் அவர்கள் முகத்துக்கு நேராக சாம்பிராணி போடுவார்.

ஒரு சாயங்காலம் எனக்கு ஜுரம் வந்தது. உடம்பு அனலாய்க் கொதிக்க, பக்கத்து அறையில் வளையல் விடாமல் குலுங்கியது. என் அறை வாசலில் பெண்கள் கூடிவிட்டார்கள்.

“ஜுரம் வந்திடுச்சி ஆன்ட்டி. நீங்க சொன்னதுதானே?” என்றாள் ஒருத்தி.

நான் கட்டிலுக்கு அடியிலிருந்த பெட்டியைப் பார்த்தேன். அக்கா என் நெற்றியைத் தொட்டார். விறுவிறுவென்று போய்ப் பூட்டிய கதவை உள்ளங்கையால் அறைந்தார்.

“இந்தாடி! அவளுக்கும் எனக்கும் ஆயிரம் இருக்கும். அது எங்க ரெண்டு பேரு வெவகாரம். அவ இங்கதான் இருப்பா. நடுவுல பூந்தன்னா உன்ன காலி பண்ணிடுவேன்!”

வளையல் சட்டென்று நின்றது. கூட்டம் போன இடம் தெரியவில்லை.

அக்கா ரசம் சாதம் பிசைந்து எடுத்து வந்தார்.

“துன்னு மொதல்ல. நீ பொம்பளையா இல்லையான்றத ஜுரம் எறங்கினப்புறம் பேசிக்கலாம்.”

இப்போது அவர் சித்தூரில் மகள் வீட்டில் இருக்கிறார். ஞாயிறு தவறாமல் போன் வரும், எடுத்ததும் வாதம்தான். இன்னும் அவர் ஒப்புக்கொள்ளவில்லை, நானும் விடவில்லை. என்னோடு சண்டை போடக்கூடப் பிடிக்காமல் பேச்சையே நிறுத்திவிட்ட வீட்டிலிருந்து வந்தவள் நான். அக்கா போனை வைக்க மாட்டார். எனக்கும் வைக்க மனசு வராது.