விலைபோனது வாஷிங் மெஷின் மட்டுமே

டகோமா
வியாழக்கிழமை, 14 அக்டோபர் 1993

'துரு' பத்திரிகையின் ஆசிரியரும், அதை நகலெடுப்பவரும், மடிப்பவரும், ஸ்டேப்ளர் அடிப்பவரும், பத்திரிகையில் 'சீழ்' என்றும் தேவாலயப் பதிவேட்டில் டுவெய்ன் எல்மர் பக்ஸ்டன் என்றும் அறியப்படுபவருமான மதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கு,

காகித ஆலையில் முப்பத்தொரு வருடம் உழைத்து ஓய்வு பெற்ற ரேமண்ட் ஹால்வர்சன் பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் மனைவி டோரிஸும் சுகம். அங்கே மழை உண்டா என்று கேட்க மாட்டேன், தாங்கள் இருப்பது நாலு தெரு தள்ளி.

தங்களுடைய முப்பத்தோராவது இதழ் கிடைத்தது. அட்டையில் என் மகள் இங்க்ரிட்டின் படம், அதன் கீழே 'ஈர சாக்ஸ் காய்ந்துவிட்டது' என்று கொட்டை எழுத்தில் தலைப்பு. ஈர சாக்ஸ் என்பது என் மகளுடைய குழுவின் பெயர் என்பதும், அதில் ஆறு வருடம் டிரம்ஸ் அடித்தது தாங்கள்தான் என்பதும், பெரிய இசைத்தட்டுக் கம்பெனியோடு ஒப்பந்தம் கையெழுத்தான அன்று தாங்கள் வெளிநடப்பு செய்தீர்கள் என்பதும் தங்கள் வாசகர்கள் எண்பது பேருக்கும் தெரிந்திருக்கலாம். உள்ளே நாலு பக்கத்துக்கு அவள் விலைபோய்விட்டாள், பங்க் இசையின் முதுகில் குத்திவிட்டாள், இனி அவள் பாட்டை ஷாம்பு விளம்பரத்தில்தான் கேட்கலாம் என்றெல்லாம் எழுதியிருக்கிறீர்கள். ஐயா, அவள் ஷாம்பு போட்டே நாலு மாதம் ஆகிறது. இதற்கு டோரிஸ் சாட்சி.

நடந்தது என்ன என்று பெற்றவன் சொல்கிறேன், கேளுங்கள். போன வருடம் எங்கள் கேரேஜில் நீங்கள் மூன்று பேரும் ஒரு கேசட் பதிவு செய்தீர்களே, அதைக் கேட்டுவிட்டுத்தான் லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து அந்தக் கம்பெனி ஆள், ஸ்டூவர்ட் என்று ஒரு குடுமிக்காரர் வந்தார். டோரிஸ் அவனில் சுட்ட டூனா மீன் பதார்த்தத்தை இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார், "இதுல ஒரு அழுக்கு இருக்கு சார், அதுதான் இப்ப நாட்டுக்கே தேவை" என்றார், நான் மீனைச் சொல்கிறாரோ என்று டோரிஸைப் பார்த்தேன், பாட்டைத்தான் சொன்னாராம். அப்புறம் இவர்களை அழைத்துப்போய்ப் பளபளவென்று ஒரு ஸ்டுடியோவில் உட்காரவைத்து மூன்று வாரம் பதிவு செய்தார்கள், மூன்று வாரமும் அந்த அழுக்கு வரவில்லை. தங்களுக்குப் பதில் கம்பெனி கொடுத்த டிரம்ஸ்காரனுக்குப் பல் வரிசையாக இருக்கிறது, தாளமும் அதே மாதிரி வரிசையாக இருக்கிறது, ஒரு இடத்தில்கூடத் தப்ப மாட்டேன் என்கிறான், பாட்டே கெட்டுப்போய்விட்டது. கடைசியில் யாரோ காதைத் தீட்டிக்கொண்டு கேட்டுவிட்டு, கேசட்டில் பின்னால் 'தடக் தடக்' என்று ஒன்று கேட்கிறதே, அது என்ன என்றார்களாம். இங்க்ரிட், "அது எங்க வீட்டு வாஷிங் மெஷின்" என்றாள். மறுநாள் லாரி வந்துவிட்டது. மெஷினைப் போர்வையில் சுற்றி, நாலு பேர் தூக்கி, ஆயிரம் மைலுக்கு மேல் கொண்டுபோனார்கள். அங்கே போனதும் அது சத்தம் போட மறுத்துவிட்டது. எனக்குப் போன். "சார், அன்னிக்கு உள்ள என்ன துணி போட்டிருந்தீங்க?" ஆலைக் கால்சட்டை என்றேன். "அனுப்புங்க சார், தோய்க்காம அனுப்புங்க." அனுப்பினேன். இப்போது அந்த இசைத்தட்டின் உறையைத் திருப்பிப் பார்த்தால், பாடியவர், வாசித்தவர் எல்லோருக்கும் கீழே, 'கூடுதல் தாளம்: ரேமண்ட் ஹால்வர்சனின் கால்சட்டை' என்று அச்சாகியிருக்கிறது. சர்ச்சில் போதகர் கை குலுக்கிவிட்டு என் இடுப்புக்குக் கீழே பார்க்கிறார். மெஷின் இன்னும் திரும்பி வரவில்லை. அறுபத்துநாலு வயதில் நான் சலவைக் கடையில் காத்துக் கிடக்கிறேன்.

இதுதான் விலைபோவதா? விலைபோனவர்கள் யார் என்று நான் காட்டுகிறேன், வாருங்கள். பெரிய தெருவில் சூப்பர் மார்க்கெட் இருக்கிறதே, அங்கே இங்க்ரிட் பையில் சாமான் போடும் வேலை பார்த்தாள், தலைமுடிக்குப் பச்சை அடித்தாள் என்று அந்த மேனேஜர் அவளை வீட்டுக்கு அனுப்பினார், அந்தக் கோபத்தில் அவள் எழுதிய பாட்டுதான் 'என் மேனேஜர் ஒரு கொப்புளம்'. போன வாரம் நான் அங்கே முட்டைக்கோசு பொறுக்கிக்கொண்டிருக்கிறேன், மேலே ஸ்பீக்கரில் அந்தப் பாட்டு, கீழே அந்த மேனேஜர் வெண்ணெய் அடுக்கிக்கொண்டே கொப்புளம் கொப்புளம் என்று முணுமுணுக்கிறார். என்னைக் கண்டதும் ஓடி வந்து, "உங்க பொண்ணு எங்ககிட்டதானே வளர்ந்தா!" என்கிறார். சீஸ் விற்கும் இடத்தில் அவள் படத்தைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார். பள்ளிக்கூடத்தில் அவள்மேல் பால் பாக்கெட் எறிந்த ஃபுட்பால் பையன்கள் எல்லாம் இப்போது கிழிந்த சட்டையோடு எங்கள் வாசலில் நின்று கேரேஜைப் போட்டோ எடுக்கிறார்கள். நான் ஆலைக்கு உடுத்திப்போன கட்டம்போட்ட சட்டை, குளிருக்காக உடுத்தியது ஐயா, கொள்கைக்காக இல்லை, அதே சட்டையை முழங்கையில் ஓட்டையோடு புதிதாகத் தைத்துக் கடை பொம்மைக்கு மாட்டியிருக்கிறார்கள். நேற்று நான் குப்பை கொட்டப் போனபோது ஒரு பெண், "அங்கிள், இந்த லுக் எங்க வாங்கினீங்க?" என்று கேட்டாள். முப்பத்தொரு வருஷம் ஷிஃப்ட் பார்த்து வாங்கினேன்மா என்றேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். வருகிற சனிக்கிழமை, நீங்களெல்லாம் கூடி நடத்தும் 'மீன் கிடங்கு' இசை மன்றத்தில் வாசிக்க இங்க்ரிட் ஆசைப்படுகிறாள். ஞாயிற்றுக்கிழமை கிளம்பினால் எட்டு மாதம் ஊர் ஊராகச் சுற்றுகிறார்கள், அதற்கு முன்னால் ஒரே ஒரு தடவை. பதினோராயிரம் பேர் முன்னால் வாசித்துவிட்டு வந்த அன்று வாயெல்லாம் பல்லாக இருப்பாள் என்று பார்த்தால், அடுப்படியில் உட்கார்ந்து காய்ந்த ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே, "கைதட்டுறாங்கப்பா, ஆனா ஒருத்தன் முகமும் தெரியல. நம்ம கிடங்குல அறுபது பேரு, அறுபது பேரு பேரும் எனக்குத் தெரியும்" என்றாள். ஆனால் கிடங்கின் விதி தாங்கள் அறிந்ததுதான்: மது கூடாது, அடிதடி கூடாது, பெரிய கம்பெனியில் கையெழுத்துப் போட்ட குழு மேடை ஏறக் கூடாது. விதிவிலக்கு வேண்டுமென்றால் உறுப்பினர் கூட்டத்தில் எல்லோரும் சம்மதிக்க வேண்டும், ஒரு கை எழுந்தாலும் முடிந்தது கதை.

போன வாரக் கூட்டத்துக்கு, மகள் ஊரில் இல்லாததால், அவள் சார்பில் நான் போனேன். தொழிற்சங்கத்தில் பழம் தின்று கொட்டை போட்ட எனக்கே அங்கே தலை சுற்றிவிட்டது. கழிவறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் வைக்கலாமா என்று இரண்டு மணி நேரம் பேசினீர்கள். தாழ்ப்பாள் தனியுடைமையின் சின்னம் என்று ஒரு பெண் கையைத் தூக்கிவிட்டாள், தாழ்ப்பாள் இல்லை. நான் உள்ளே போனபோது காலால் கதவை அடைத்துக்கொண்டு பொதுவுடைமைக்கு மரியாதை செய்தேன். அப்புறம் எங்கள் விஷயம் வந்தது. நாற்பத்திரண்டு பேர் சரி என்றார்கள். ஒரே ஒரு கை. தங்கள் கை.

"மிஸ்டர் ஹால்வர்சன், இது தனிப்பட்ட விஷயம் இல்ல" என்றாய். ஆமாம், இப்போது நீ என்றுதான் சொல்வேன், தாங்கள் போதும். மூன்றாம் வகுப்பிலிருந்து என் வீட்டில் சாப்பிட்டாயே, அது எந்த விஷயம்டா? உன் அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது இரண்டு மாதம் இங்க்ரிட்டின் அறையை உனக்குக் கொடுத்துவிட்டு அவள் சோபாவில் படுத்தாளே, அது எந்த விஷயம்? இதைத்தான் அன்று சபையில் கேட்டேன். பேசுகிறவர் கையில் டிரம்ஸ் குச்சி இருக்க வேண்டும், பேசி முடித்ததும் அடுத்தவரிடம் கொடுக்க வேண்டும் என்பது உங்கள் வழக்கமாம். நான் கொடுக்கவில்லை. நாற்பது நிமிடம் வைத்திருந்தேன், பிடுங்க வந்தவரிடமிருந்து காப்பாற்றும்போது அது உடைந்துவிட்டது. அதனால் முடிவை இந்த வியாழனுக்குத் தள்ளிவைத்து, எனக்கு இரண்டு கூட்டத்துக்குத் தடையும் போட்டார்கள். இன்று ராத்திரி கூட்டம். நான் வர முடியாது, அதனால் இந்தக் கடிதம்.

டுவெய்ன், உன்மேல் எனக்குக் கோபம் தீரவில்லை. ஆனால் ஒன்றை ஒளிக்காமல் சொல்கிறேன். அவள் 'துரு'வைப் படித்துவிட்டு அழவில்லை, மடித்துக் கிடார் பெட்டிக்குள் வைத்துக்கொண்டாள். என்னிடம், "அவன் எழுதினது பாதி சரிதான்ப்பா" என்றாள். அந்தப் பாதியை நினைத்துத்தான் எனக்குத் தூக்கம் வரவில்லை. இன்றைக்குக் கையை மட்டும் கீழேயே வைத்துக்கொள். சட்டைப் பைக்குள் விட்டுக்கொள், இல்லாவிட்டால் அந்தக் கையின் மேலேயே உட்கார்ந்துகொள்.

உனக்கு நல்ல மேசையும், காகிதம் கடிக்காத நகல் மெஷினும், உன் அம்மாவுக்குப் பூரண ஆரோக்கியமும் கிடைக்க ஆண்டவரை வேண்டுகிறேன். டோரிஸ் அன்பைத் தெரிவிக்கச் சொன்னாள். நான் கொஞ்சம்தான் தெரிவிக்கிறேன்.

இப்படிக்கு,
ரேமண்ட் ஹால்வர்சன்

பி.கு.: வெள்ளிக்கிழமை காலை. உறையை ஒட்டிக் கையில் எடுத்துக்கொண்டு உன் வீட்டுக்கு நேற்று சாயங்காலம் வந்தேன், நீ அதற்குள் கூட்டத்துக்குக் கிளம்பிவிட்டாய். இப்போது உறையைக் கிழித்து இதை எழுதுகிறேன். இங்க்ரிட் ராத்திரி நனைந்துகொண்டு வந்தாள். என்னம்மா ஆச்சு என்றேன்.

"டுவெய்ன் கையத் தூக்கலப்பா. எந்திரிச்சு, வாசிக்கட்டும்னு சொன்னான்."

"அப்புறம் என்ன, மூஞ்சி ஏன் இப்படி இருக்கு?"

"நான் தூக்கிட்டேன்."

"பைத்தியமாடி உனக்கு?"

"மூணு வருஷம் முன்னாடி இதே விதியச் சொல்லி இன்னொரு குழுவ வெளிய அனுப்பினோம். அன்னிக்குக் கையத் தூக்கினது நான்தான். அவங்க பாட்டுக்காரன் அங்கயே அழுதான்ப்பா. எனக்குன்னு வந்தா மட்டும் மாத்திக்கவா?"

ஆகவே டுவெய்ன், மேலே எழுதிய வசவு எல்லாம் செல்லாது. பத்திரிகையில் போடுவதானால் வசவை எடுத்துவிட்டுப் போடு. அப்புறம் என்ன மிஞ்சும் என்று பார்த்தேன், மழையும் டோரிஸின் அன்பும் மட்டும்தான் மிஞ்சுகிறது, அதுவே போதும். சனிக்கிழமை கிடங்கில் வேறு குழு வாசிக்கிறது, வாசலில் நின்று டிக்கெட் வாங்கிக் கையில் முத்திரை குத்துகிற முறை இங்க்ரிட்டுக்காம், நீ தரையைத் துடைக்கிறாயாம். நானும் டோரிஸும் வருகிறோம். என்னை எப்படியும் சும்மா உள்ளே விட்டுவிடுவாய் அல்லவா என்று அவளிடம் கேட்டேன். "அப்பான்னு எல்லாம் விட முடியாது, வரிசையில நின்னு டிக்கெட் வாங்கு" என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போய்விட்டாள்.