ராமாத்தாளின் ஒரு லிட்டர்

“உங்க ஒரு லிட்டர் சும்மாதானே கெடக்குது அக்கா, அதைப் பேரவைக்குக் குடுத்தா என்ன?”

காப்பெல் நகர முத்தமிழ் வளர்ச்சிப் பேரவையின் தலைவர் வெங்கடாசலம் கேட்ட இந்தக் கேள்விதான், தான் எவ்வளவு பெரிய சொத்துக்காரி என்பதை ராமாத்தாளுக்கு உணர்த்தியது. ஜெர்மனிக்குள் நுழையும், பதினேழு வயது நிரம்பிய ஒவ்வொருவரும் வரியில்லாமல் ஒரு லிட்டர் விஸ்கி, இருநூறு சிகரெட், நானூற்று முப்பது யூரோ பெறுமானமுள்ள சாமான் கொண்டு போகலாம். மனித குலம் எழுதிய சட்டங்களில் இத்தனை தாராளமானது வேறில்லை. ராமாத்தாள் ஐம்பத்திரண்டு வருஷத்தில் மோருக்கு மேல் எதையும் குடித்ததில்லை. வீட்டிலேயே டேகேர் நடத்தி, ஊரார் பிள்ளைகளுக்கு டயப்பர் மாற்றும் ஒருத்தியிடம் இப்பேர்ப்பட்ட செல்வம் முடங்கிக் கிடப்பதைப் பேரவையால் பொறுக்க முடியவில்லை.

அவள் போவது ஜெர்மனியில் இருக்கும் தங்கச்சி பவளத்தின் மகள் அஞ்சனா கல்யாணத்துக்கு. பேரவையின் ‘பண்பாட்டுத் தூதுக்குழு’ அதே விமானத்தில் போகிறது. குரூப் டிக்கெட்டில் அவளையும் சேர்த்துக்கொண்டார்கள். ஆளுக்கு ஒரு பெட்டி. சேர்த்துக்கொண்ட நன்றியை அவள் பெட்டி செலுத்த வேண்டியிருந்தது.

சனிக்கிழமை வெங்கடாசலம் வீட்டில் ஒத்திகை. சோபாவுக்கும் டைனிங் டேபிளுக்கும் நடுவிலிருந்த சந்து ‘பச்சை வழி’ என்று அறிவிக்கப்பட்டது. விமான நிலையச் சுங்கச் சோதனையில், மறைக்க ஒன்றுமில்லாதவர் போகும் வழி. அதில் போகிறவர் கேட்டாலொழிய வாயைத் திறக்கக் கூடாது என்று தலைவர் மூன்று முறை வலியுறுத்தினார். பதினான்கு பேருடைய உரிமைகளும் அட்டவணையில் பங்கிடப்பட்டன. தலைவரின் மகள் வெண்பாவுக்குப் பதினாறு வயதுதான் என்பதால் ஒரு லிட்டர் நஷ்டம். எட்டு மாதம் முன்னால் பிறந்திருக்கலாம் என்று அவளுடைய தகப்பனே வருந்தினார்.

ராமாத்தாள் முறை வந்தது. வெங்கடாசலம் பேஸ்பால் தொப்பியை மாட்டிக்கொண்டு ஜெர்மன் அதிகாரி ஆனார்.

“இந்த விஸ்கி யாருது?”

“என்னுதுங்க.”

“குடிப்பீங்களா?”

பொருளாளர் சபரிநாதன் லேப்டாப்புக்குப் பின்னாலிருந்து எடுத்துக் கொடுத்தார்: “ஜஸ்ட் ‘டெய்லி’ன்னு சொல்லுங்க அக்கா.”

“டெய்லிங்க.”

சபை கைதட்டியது.

“இந்தப் பதினோரு கேடயம்?”

“என்னுதுங்க. தமிழ்த் தொண்டுக்குக் குடுத்தாங்க.”

அந்தக் கேடயங்களை ஸ்டுட்கார்ட் மேடையில் பேரவை நிர்வாகிகள் ஒருவருக்கொருவர் வழங்கிக்கொள்ளவிருந்தார்கள்.

எல்லாம் அடுக்கி முடித்தபோது ராமாத்தாள் தோள்பையிலிருந்து அரக்குப் பட்டுச்சேலையை எடுத்தாள். பெரியம்மா சீர். இதைக் கட்டித்தான் அஞ்சனா மணையில் உட்கார வேண்டும். இரண்டு வருஷம் சேர்த்து வாங்கியது.

“ஏனுங்ண்ணா, என்ற சேலையை எங்கீங்க வெக்கறது?”

சபரிநாதன் அட்டவணையைப் பார்த்தார். அவர் முகம் கடமையால் இறுகியது. “அக்கா, உங்க லிமிட் ஃபுல். கேடயமே நானூத்தி இருபத்தஞ்சு யூரோ. சேலையை ஆட் பண்ணா, சட்டப்படி நீங்க கடத்தல்காரி.”

“கல்யாணப் பொண்ணுக்குங்க.”

“அஞ்சு யூரோ மிச்சம் இருக்குதே அக்கா,” என்றார் வெங்கடாசலம் பெருந்தன்மையோடு. “ஒரு கர்ச்சீப் கொண்டு போலாம்.”

மாடிப்படியிலிருந்து வெண்பா சொன்னாள்: “அப்பா, தட்ஸ் ஹெர் சூட்கேஸ்.”

“பெரியவங்க மீட்டிங் நடக்குது, கண்ணு.”

ராமாத்தாள் குனிந்து பெட்டியைத் திறந்தாள். விஸ்கியை எடுத்து டைனிங் டேபிளில் வைத்தாள். சிகரெட்டை வைத்தாள். கேடயங்களை, தமிழ் எழுத்து முன்னால் தெரியும்படி, ஒவ்வொன்றாக வரிசையாக நிறுத்தினாள். பட்டுச்சேலையைப் பெட்டியில் வைத்து ஜிப்பை இழுத்தாள். அதிகாரியின் தொப்பியைத் தாண்டி, பச்சை வழியில், பெட்டியை உருட்டிக்கொண்டு நடந்தாள்.

பேரவையின் பயிற்சி வீண்போகவில்லை. பதினான்கு பேரில் தேறியவள் அவள் ஒருத்திதான்: பெட்டியில் இருந்தது அத்தனையும் அவளுடையது, பச்சை வழியைக் கடக்கும்வரை அவள் வாயே திறக்கவில்லை.