நாலு விரற்கடை மணல்

மனிதன் சந்திரனில் கால் வைத்த அதே வருஷத்தில்தான் எங்கள் ஊர் உயர்நிலைப் பள்ளியின் நிர்வாகக் கமிட்டியும் உலக நாகரிகத்துக்கு ஒரு மாபெரும் சேவையைச் செய்து முடித்தது. அவர்கள் சந்திரனிலிருந்து கொஞ்சம் மண் அள்ளிக்கொண்டு வந்தார்கள். நாங்கள் ஆற்றிலிருந்து ஒரு வண்டி மணல் அள்ளிக்கொண்டு வந்தோம். அவர்கள் அந்த மண்ணை வைத்துக்கொண்டு இன்னும் ஆராய்ச்சி செய்துகொண்டிருப்பதாகப் பத்திரிகையில் போடுகிறான். எங்களுக்கு அந்தக் குழப்பம் இருந்ததில்லை. எங்கள் மணல் பூனைக்கு.

நான் அந்தப் பள்ளியின் குமாஸ்தா. கமிட்டி பேசுவதை எழுதுவது என் வேலை. சிரிக்காமல் எழுதுவது என் தகுதி.

காரைக்குடியிலிருந்து குன்றக்குடி வழியாக வரும் பஸ், கை காட்டினால் எங்கள் ஊரில் நிற்கும். ஊர்ப் பெயரைச் சொல்ல வேண்டாம் என்று கமிட்டியின் தன்னடக்கம் தடுக்கிறது. பள்ளிக்கூடம் நடப்பது அழகுசுந்தரம் செட்டியாரின் பூர்வீக வீட்டில். அவருடைய ஐயா காலத்தில் பர்மாவிலிருந்து தேக்கும் இத்தாலியிலிருந்து சலவைக்கல்லும் வந்து இறங்கிய வீடு அது. கக்கூஸ் மட்டும் எந்தத் தேசத்திலிருந்தும் வந்து சேரவில்லை. அதனால் என்ன? பையன்களுக்குச் சுற்றுச்சுவர் இருந்தது. பெண்பிள்ளைகளுக்குப் பின்னால் கருவைக் காடு இருந்தது. ‘மாணவியர் கழிப்பறை’ என்ற பொருள் ஒவ்வொரு கூட்டத்திலும் நிகழ்ச்சி நிரலின் கடைசியில் இடம்பெறும். கமிட்டியும் அதைத் தக்க மரியாதையோடு அடுத்த கூட்டத்துக்கு வழியனுப்பி வைக்கும்.

செட்டியார் பினாங்கில் கடையை மூடிவிட்டு ஊர் திரும்பியபோது ஒரு சயாம் பூனையையும் கொண்டுவந்தார். உடம்பு சந்தன நிறம், முகம் கரி நிறம், கண் நீலம். பெயர் சீமாட்டி. அவர் மனைவி மீனாள் ஆச்சிக்கு அதைக் கண்டதுமே ஆகவில்லை. “ஒண்ணு இந்த வீட்டுல அது இருக்கட்டும், இல்ல நான் இருக்கேன்” என்று சொல்லிவிட்டார்கள். செட்டியார் கொஞ்ச நாள் யோசித்துப் பார்த்துவிட்டு, பூனையைப் பள்ளிக்கு ‘நன்கொடை’யாக வழங்கினார்.

கூடையைக் கமிட்டித் தலைவர் தங்கச்சாமியின் கையில் கொடுக்கும்போது செட்டியார் சொன்னார்: “மதியச் சாப்பாட்டு மூட்டையை எலி கடிக்குதுன்னு சொன்னீகல்ல, இது பாத்துக்கிரும். ஆனா வீட்டுக்குள்ளயே வளந்தது. வெளிய போகத் தெரியாது. ஒரு தகரத் தட்டுல மணல் வச்சிருங்க. ஆண்டு விழாவுக்கு வருவேன். இது எப்படி இருக்குன்னு பாத்துட்டு, அந்த ஹால் விஷயத்தையும் பேசிக்கிருவோம்.”

பள்ளிக்கு ஒரு ஹாலும், ஹாலின் நெற்றியில் தம் பெயரும் வேண்டும் என்பது தலைவரின் நெடுநாள் தவம். ஹால் என்ற சொல் காதில் விழுந்ததும் அவர் கூடைக்குள் பார்த்துக் கைகூப்பினார். சீமாட்டி கண்ணை மூடிக்கொண்டது.

அன்று மாலை வரை மணல் வைக்க யாருக்கும் ஞாபகம் இல்லை. சீமாட்டி பள்ளி முழுக்கத் தேடிப் பார்த்துவிட்டு, தலைவர் நாற்காலியில் மடித்துப் போட்டிருந்த பட்டுத் துண்டின் மேல் தன் தேவையை முடித்துக்கொண்டது. மறுநாள் காலையில் அவசரக் கூட்டம்.

“மணல் எவ்வளவு போடணும்? அதைச் சொல்லுங்க மொதல்ல” என்று தலைவர் ஆரம்பித்தார்.

“ஒரு சாக்கு” என்றார் ரைஸ் மில் சேவுகன். கமிட்டியில் மூத்த உறுப்பினர். அவருக்கு எதுவும் சாக்குக் கணக்கில் சொன்னால்தான் விளங்கும்.

“சாக்கா? பூனை முங்கிப் போயிரும்யா.”

“அப்ப ஒரு பிடி.”

“ஒரு பிடி எங்குட்டுக் காணும்? அது தோண்டி, இருந்து, மூடணும்ல?”

பரிசோதனை செய்து பார்ப்பது என்று முடிவாயிற்று. இரண்டு விரற்கடை போட்டதில் பூனையின் நகம் தகரத்தில் பட்டு எங்களுக்குப் பல் கூசியது. ஈரமும் கீழே தேங்கி நின்றது. ஒரு சாண் போட்டதில் அது வாரி இறைத்து, சலவைக்கல் தரை ஆற்றுப் படுகையாகிவிட்டது. நாலு விரற்கடையில் எல்லாம் சரியாக அமைந்தது. பூனை தோண்டியது, இருந்தது, மூடியது. கமிட்டி மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தது. தலைமை ஆசிரியர் மட்டும் கைதட்டினார்.

“யாரு விரலு?” என்று சேவுகன் ஒரு சட்டப் பிரச்சினையைக் கிளப்பினார். அவர் விரல் ஒவ்வொன்றும் வாழைப்பழம் போல இருக்கும்.

‘தலைவர் அவர்களின் வலக்கை விரல்’ என்று எழுதிக்கொண்டேன்.

அடுத்தது, எப்போது மாற்றுவது? காலையிலும் மாலையிலும் கட்டியை மட்டும் அள்ளிப் போடுவது, வெள்ளிக்கிழமைதோறும் மணல் முழுவதையும் கொட்டிவிட்டுத் தட்டைக் கழுவிப் புது மணல் போடுவது என்று தலைவர் சொன்னார். வெள்ளிக்கிழமை எதையும் வெளியே கொட்டினால் லட்சுமி போய்விடுவாள் என்று சேவுகன் ஆட்சேபித்தார். வியாழன் என்று திருத்தி ஏகமனதாக நிறைவேறியது.

வாசலில் நின்ற பியூன் சோணை கேட்டார்: “அள்ளுறேங்கய்யா. அள்ளுனதை எங்குட்டுக் கொட்ட?”

“பின்னால கருவக்காட்டுல கொட்டு.”

“அங்குட்டுத்தான் பிள்ளைக போகுதுங்கய்யா” என்றார் கல்யாணசுந்தரி டீச்சர். கணக்கு டீச்சர். கமிட்டியில் ஆசிரியர் பிரதிநிதி.

“அப்ப ஓரமாக் கொட்டட்டும்.”

“ஐயா, பிள்ளைகளுக்கு ஒரு கக்கூஸ் வேணும்னு கடைசிப் பொருளா...”

தலைவர் பொறுமையாகத்தான் சொன்னார்: “டீச்சர், இது கக்கூஸ் விஷயமா நடக்கிற அவசரக் கூட்டம். இதுல வந்து வேற விஷயத்தைப் பேசாதீக.”

அந்த வாரமே அன்னக்கிளி பிரார்த்தனையில் மயங்கி விழுந்தாள். ஒன்பதாம் வகுப்பு. டீச்சர் கரும்பலகையில் கணக்கை எழுதி முடிப்பதற்குள் விடையைச் சொல்லிவிடுகிற பெண். மறுநாள் அவள் அம்மா கருப்பம்மாள், மகளின் பெயரை எடுத்துவிடச் சொல்லி என் மேசைக்கு வந்தாள். டீச்சரும் பக்கத்தில் நின்றார்.

“காலையில எந்திரிச்சா ஒரு வாய் தண்ணி குடிக்க மாட்டேங்குறா டீச்சரம்மா. ஏண்டின்னா, குடிச்சா அங்க போக எடமில்லைங்குறா. காட்டுக்குள்ள போனா மாடு மேய்க்கிற பயலுக வந்து நிக்கிறாங்கெளாம். பெரியமனுஷியான பிள்ள. படிச்சது போதும்.”

“நல்லாப் படிக்கிற பிள்ளை, கருப்பம்மா.”

“படிப்பு நல்லாத்தான் இருக்கு. ஒண்ணுக்கை அடக்கிக்கிட்டு எம்புட்டு நேரந்தான் படிப்பா?”

டீச்சர் என் பதிவேட்டை மூடி வைத்தார். “ஆண்டு விழா வரைக்கும் பேரை எடுக்காதீக” என்று மட்டும் கேட்டுக்கொண்டார். கருப்பம்மாள் சரியென்றும் சொல்லாமல், மாட்டேனென்றும் சொல்லாமல் போனாள். அன்னக்கிளி வருவது நின்றது. ஒருநாள் சீமாட்டி தன் மணல் தட்டை நோக்கி நிதானமாக நடந்து போயிற்று. டீச்சர் அதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

இதற்கிடையில் தலைவர் சுகாதாரத்தில் மேலும் ஒரு படி ஏறினார். தட்டு மணக்க மணக்க இருக்க வேண்டும் என்று மணலில் பினாயில் ஊற்றச் சொன்னார். சீமாட்டி முகர்ந்து பார்த்துவிட்டுத் தும்மியது. அதன் பிறகு தட்டுப் பக்கமே போகவில்லை. தலைமை ஆசிரியரின் மேசை டிராயரில் ஒருநாள், தலைவரின் நாற்காலியில் ஒருநாள். சுவரில் மாட்ட எடுத்து விரித்து வைத்திருந்த உலக வரைபடத்தில் ஒருநாள், அதுவும் சரியாகப் பினாங்கு இருக்கும் இடத்தில். ஊர் ஏக்கம் என்று தலைமை ஆசிரியர் கருத்துத் தெரிவித்தார்.

ஆண்டு விழா நெருங்கிக்கொண்டிருந்தது. ஹால் கண்ணுக்கு முன்னால் கரைந்துகொண்டிருந்தது. மறுபடியும் அவசரக் கூட்டம்.

கல்யாணசுந்தரி டீச்சர் எழுந்தார். அன்று அவர் பிள்ளைகளைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

“அது வெக்கப்படுதுங்கய்யா.”

“எது?”

“பூனைதான். நட்ட நடுக் கூடத்துல தட்டை வச்சிருக்கோம். சோறு வைக்கிறதும் அங்கனதான். நாலு பேரு பாக்கையில அது எப்படிப் போகும்? மானமுள்ள சீவன்.”

தலைவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். “அதானே. பினாங்குல எப்படி இருந்துச்சோ. அப்ப என்ன செய்யலாம்ங்குறீக?”

“தனியாக் கொல்லையில நாலு சுவரு எழுப்பணும். மேல கூரை. கதவு.”

“கதவுக்குத் தாப்பா?”

“உள்பக்கம் போடணும்.”

“பூனை எப்படித் தாப்பா போடும்?” என்று சேவுகன் கேட்டார். நியாயமான கேள்வி.

“சயாம் பூனைங்க” என்றார் டீச்சர்.

சேவுகன் தலையை ஆட்டிக்கொண்டார். வெளிநாட்டு விவகாரங்களில் அவர் தலையிடுவதில்லை.

“கூரை ஆள் உசரம் வேணுமா?”

“சோணை உள்ள போய்க் கழுவணும்ல. குனிஞ்சு கழுவுனா இடுப்பு போயிரும்.”

“மணலு?”

“மணலை எம்புட்டு நாளைக்கு அள்ளி மாத்துறது? குழி எடுத்துப் பீங்கான் வச்சுட்டா ஒரேயடியா முடிஞ்சது. ஓரமா மட்டும் நாலு விரற்கடை மணல் போட்டு வைப்போம், தலைவர் விரலுக்கு. தண்ணித் தொட்டியும் ஒண்ணு வேணும். அப்புறம், இது ஒண்ணு மட்டும் இருந்தாப் பத்தாது. போன எடத்துல திருப்பிப் போக யோசிக்கும். வரிசையா ஒரு அஞ்சாறு இருந்தா நல்லது.”

இத்தனை வருஷமாகப் பெண்பிள்ளைகளின் கழிப்பறைக்குக் குறுக்கே நின்ற தடைகள் அத்தனையும் எனக்கு மனப்பாடம். இடம் இல்லை, நிதி இல்லை, நீர் இல்லை, மேலிடத்து அனுமதி இல்லை. அன்று ஒன்றுகூடக் கண்ணில் தட்டுப்படவில்லை. கமிட்டி மனம் வைத்தால் ஆகாதது எதுவும் இல்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. கொத்தனார் முத்துக்கருப்பன் மறுநாளே சித்தாட்களோடு வந்து நூல் பிடித்தார். ‘பூனைக்கா?’ என்று ஒரே ஒரு தரம் கேட்டார். டீச்சர் முகத்தைப் பார்த்துவிட்டு, பிறகு கேட்கவில்லை. சுவரை மட்டும் கொஞ்சம் உயர்த்திக் கட்டினார்.

திறப்பு விழாவில் சீமாட்டிக்கு மாலை போட்டு உள்ளே விட்டார்கள். அது சுற்றிப் பார்த்தது, பீங்கானை முகர்ந்தது, கமிட்டி கலைந்து போனதும் வெளியே வந்தது. நேராகக் கருவைக் காட்டுக்குள் போய், நல்ல புழுதி மண்ணாகப் பார்த்துத் தோண்டி உட்கார்ந்தது. அன்றிலிருந்து அதன் போக்குவரத்து அங்குதான். மறுநாள் டீச்சர் கருப்பம்மாள் வீட்டுக்கு நேரில் போனார். அதற்கடுத்த நாள் அன்னக்கிளி பள்ளிக்கு வந்தாள். இடைவேளையில் தொட்டித் தண்ணீரையே இரண்டு கை அள்ளிக் குடித்தாள்.

ஆண்டு விழா அன்று செட்டியார் வந்தார். மேடைக்குக்கூடப் போகாமல், “எம் பூனை எங்க?” என்றார்.

தலைவர் பெருமிதத்தோடு கொல்லைக்கு அழைத்துப் போனார். ‘பூனைக்கு மட்டும்’ என்று பலகை எழுதி மாட்டியிருந்தது. செட்டியார் சுவரைத் தட்டிப் பார்த்தார். அசந்துவிட்டார் என்றே தோன்றியது. முதல் கதவைத் தள்ளினார். உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தது.

“உள்ளதான் இருக்கு” என்றார் தலைவர், குரலைத் தாழ்த்தி.

செட்டியார் மெல்லத் தட்டினார்.

“இருங்க, வாரேன்” என்றது பூனை.

கதவு திறந்து, கையில் செம்போடு அன்னக்கிளி வெளியே வந்தாள். செட்டியாரைப் பார்த்ததும் செம்பைப் பின்னால் மறைத்துக்கொண்டாள். வரிசையில் இருந்த மற்றக் கதவுகளும் ஒன்றன்பின் ஒன்றாகத் திறந்தன.

“பூனை எங்க?” என்று செட்டியார் மறுபடி கேட்டார்.

“காட்டுல” என்றார் சோணை.

தலைவருக்கு ஆத்திரத்தில் நாக்குக் குழறியது. “பாத்தீகளா செட்டியாரே, பூனைக்குன்னு கட்டி விட்டதை இதுக ஆக்கிரமிச்சிருச்சுக. அந்த வாயில்லாச் சீவனைக் காட்டுக்கு விரட்டிட்டு...”

“இதுக முன்னாடி எங்க போச்சு?”

“காடு இருக்குல்ல.”

செட்டியார் சுற்றிலும் பார்த்தார். அது அவர் பிறந்து வளர்ந்த வீட்டுக் கொல்லை. பிறகு அன்னக்கிளியிடம், “நீ போத்தா, மணியடிக்கப் போறாங்கெ” என்றார். தலைவரிடம், “ஹாலு இப்பத்திக்கு வேணாம்” என்று மட்டும் சொல்லிவிட்டு மேடைக்குப் போனார்.

இத்தனை பெரிய இழப்பிலும் கமிட்டி தன் பெருந்தன்மையை இழக்கவில்லை. டீச்சரிடம் விளக்கம் கேட்டு ஓலை அனுப்பிய கையோடு, ‘பூனைக்குத் தேவைப்படாத நேரங்களில், பூனைக்கு இடையூறு நேராத வகையில், மாணவியர் மேற்படி கழிப்பறையைப் பயன்படுத்திக்கொள்வதில் ஆட்சேபணை இல்லை’ என்று தீர்மானம் போட்டது. எழுதும்போது எனக்குக் கண் கலங்கியது.

மறு வருஷம் சீமாட்டி ஒரு நாட்டுக் கடுவன் பூனையோடு ஊரைவிட்டே போய்விட்டது. “பூனையே இல்லைங்குறப்ப பூனைக் கக்கூஸ் எதுக்கு? பூட்டி வைங்க, விழாச் சாமான் போட்டுக்கிரலாம்” என்றார் தலைவர். சாவியைத் தேடி எடுப்பதற்குள் அன்னக்கிளி தன் வீட்டிலிருந்து ஒரு சாம்பல் நிறக் குட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். டீச்சர் அதைத் தலைவர் மேசையில் விட்டார். தலைவர் பூனையைப் பார்த்தார், தீர்மானத்தைப் பார்த்தார், சாவியைக் கீழே வைத்தார். விதி விதிதான். இன்றுவரை எங்கள் பள்ளியில் பூனை இல்லாத நாள் கிடையாது.

எங்கள் கமிட்டியின் புகழ் அக்கம்பக்கத்து ஊர்களுக்கும் பரவியிருக்கிறது. போன மாதம், சிங்கம்புணரிக்கு அந்தப் பக்கத்திலிருந்து காளியாயி என்று ஒரு பெண் இரண்டு பஸ் மாறி வந்தாள். பனங்கூடை ஒன்றை இடுப்பில் வைத்திருந்தாள். கல்யாணசுந்தரி டீச்சரைப் பார்க்க வேண்டும் என்றாள். மகளைச் சேர்க்க வந்திருக்கிறாள் என்று நினைத்து விண்ணப்பத்தை எடுத்தேன்.

“அதெல்லாம் வேணாங்கய்யா. எம் மக எங்க ஊருப் பள்ளிக்கூடத்துலயே படிக்குது. இன்னும் முப்பது பொட்டப்பிள்ளைக படிக்குது” என்றாள். கூடையை என் மேசைமேல் வைத்து மூடியைத் திறந்தாள். உள்ளே பழந்துணி விரித்திருந்தது.

“ஒரு பூனைக்குட்டி இருந்தாக் குடுங்க.”